விளையாட்டுக்கு இட்ட மதிப்பெண்

ஒரு பொருளின் குணத்தையும் குற்றத்தையும் நடுநிலையில் நின்று ஆராய்ந்து, கண்டதைப் பிறர்க்கு எடுத்துரைப்பது மதிப்புரை எனப்படும். நூலுக்கும் நாடகத்துக்கும் சங்கீதத்துக்கும் மதிப்புரை எழுதும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. 1980-ஆம் ஆண்டையொட்டி இவ்வழக்கம் வீடியோ விளையாட்டு என்னும் புதிய கலையையும் பற்றிக்கொண்டது. ஏனைய கலைகளின் மதிப்புரைகளில் இத்துணை அழுத்தமாகக் காணப்படாத ஒரு விசேஷத்தையும் அது உடன் வளர்த்தது. விளையாட்டைப் பற்றிய மதிப்புரை எத்துணை விரிவாயிருப்பினும், அதன் கடைசியில் பெரும்பாலும் ஓர் எண் நிற்கும். பத்துக்கு எட்டு, நூற்றுக்கு எண்பத்துநான்கு, ஐந்து நட்சத்திரத்துக்கு மூன்று என்றாற்போல அது பலவகைப்படும். பல பக்கங்கள் கொண்ட கட்டுரையைப் படியாதவரும் அவ்வெண்ணைப் படிக்கத் தவறுவதில்லை.

பரீட்சை எழுதிப் பழகிய நமக்கு மதிப்பெண் புதிதன்று. ஆயினும் ஒரு மாணவனுடைய விடைத்தாளுக்கு எண் இடுவதும், ஒரு கலைப்படைப்புக்கு எண் இடுவதும் ஒன்றாகுமா? அவ்வெண் எங்கே தோன்றியது, எவ்வாறு வலிமை பெற்றது, யாருக்கு உதவிற்று, யாருக்குத் தீங்கு விளைத்தது என்பனவற்றை ஈண்டு ஆராயப் புகுவோம். இது பொழுதுபோக்கைப் பற்றிய அற்ப விஷயம் என்று நேயர்கள் எண்ணற்க. நூற்றில் ஓர் எண் குறைந்தமையால் ஒரு தொழிற்கூடம் தனக்கு வரவேண்டிய வெகுமதியை இழந்ததுண்டு. ஓர் எண்ணை எழுதிய பின் ஓர் எழுத்தாளர் தம் வேலையை இழந்ததும் உண்டு.

மதிப்புரையின் தேவை

கன்ஸோல் என்பது தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து விளையாடுதற்கென்றே அமைந்த ஒரு சிறு கணிப்பொறி. அதனுள் செருகும் கார்ட்ரிட்ஜ் என்னும் பேழை வழியாகவோ, வட்டத்தட்டு வழியாகவோ, இக்காலத்தில் இணையத்தின் வழியாகவோ விளையாட்டு வந்துசேரும். ஆடுவோர் கன்ட்ரோலர் என்னும் கைக்கருவியின் பொத்தான்களை அழுத்தித் திரையில் தோன்றும் உருவங்களை இயக்குவர். புத்தகக் கடையில் நின்றபடியே ஒரு நூலின் நாலைந்து பக்கங்களைப் புரட்டிப் பார்த்து வாங்கலாம்; மூடிய பேழையை அவ்வாறு புரட்டிப் பார்க்க இயலாது. உறையின்மேல் தீட்டிய சித்திரம் கண்ணைக் கவரும். உள்ளே இருப்பது எத்தகையது என்பதோ வீட்டுக்குக் கொண்டுபோய் ஆடிய பின்னரே புலப்படும். விலையும் அற்பமன்று. நெடுங்காலம் 60 டாலராயிருந்த பெரிய விளையாட்டுகளின் விலை, 2020-ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவில் 70 டாலராக உயரலாயிற்று. ஆகவே, முன்னரே ஆடிப் பார்த்து உண்மை உரைப்பார் ஒருவர் வேண்டியவராயினர்.

1981-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 'எலெக்ட்ரானிக் கேம்ஸ்' என்னும் சஞ்சிகையும், இங்கிலாந்தில் 'கம்ப்யூட்டர் அண்ட் வீடியோ கேம்ஸ்' என்னும் சஞ்சிகையும் தோன்றின. அடுத்த ஆண்டிலேயே மதிப்புரையின் அவசியத்தை விளக்குவது போன்ற ஒரு நிகழ்ச்சி நேர்ந்தது. 'ஈ.டி.' என்னும் புகழ்பெற்ற திரைப்படத்தைத் தழுவி, அடாரி கம்பெனியார் ஒரு விளையாட்டை வெளியிட்டனர். கிறிஸ்துமஸ் விற்பனைக்கு முந்த வேண்டி, ஹாவர்ட் ஸ்காட் வார்ஷா என்பவர் அதனை ஏறக்குறைய ஐந்தே வாரங்களில் செய்து முடிக்கவேண்டியவரானார். படத்தின் பெயரை நம்பி இலட்சக்கணக்கானோர் வாங்கினர். வாங்கியவருட் பலர் ஏமாந்தனர். விற்காமல் தேங்கிய பேழைகளுட் பலவற்றை 1983-இல் நியூ மெக்ஸிகோ மாநிலத்து அலமகோர்டோ என்னும் ஊரின் குப்பைமேட்டில் புதைத்தனர். அது வெறும் கதை என்று சிலர் ஐயுற்றிருந்தனர். 2014-இல் அவ்விடத்தைத் தோண்டியபோது பேழைகள் வெளிப்பட்டன.

அவ்வாண்டுகளில் அமெரிக்க வீடியோ விளையாட்டு வியாபாரமே சரிந்துவிழுந்தது. 1983-இல் 320 கோடி டாலரை எட்டியிருந்த வருமானம் 1985-இல் 10 கோடி டாலர் அளவுக்குத் தாழ்ந்தது என்று கணக்கிடப்பட்டுள்ளது. இவ்வீழ்ச்சிக்குக் காரணங்கள் பல. தரமற்ற சரக்குகள் கடைகளை நிறைத்தமையால் வாங்குவோர் நம்பிக்கை இழந்தது அவற்றுள் முதன்மையானது. 1985-இல் ஜப்பானிய நிண்டெண்டோ கம்பெனியார் அமெரிக்கச் சந்தையில் தம் கன்ஸோலைக் கொண்டுவந்தபோது, தம் முத்திரை பெற்ற பேழைகளே தரமானவை என்று விளம்பரம் செய்தனர். 1988-இல் 'நிண்டெண்டோ பவர்' என்னும் சஞ்சிகையையும் தாமே தொடங்கினர். விற்பவரே புகழ்ந்துரைப்பது விளம்பரமாகுமேயன்றி மதிப்புரையாகாது. விற்பவரைச் சாராத நடுவர் வேண்டும் என்னும் எண்ணம் வாசகரிடையே வலுத்தது.

நால்வர் தீர்ப்பு

அத்தகைய நடுவர் முறைகளுள் மிகவும் பெயர்பெற்றது ஜப்பானில் எழுந்தது. 1986-இல் தொடங்கி, பின்னர் 'ஃபாமிட்சு' என்று சுருங்க வழங்கப்பட்ட சஞ்சிகை, ஒரு விளையாட்டை நான்கு மதிப்புரையாளரிடம் தனித்தனியே கொடுத்தது. ஒவ்வொருவரும் சில வரிகளில் தம் கருத்தை எழுதிப் பத்துக்கு இத்தனை என்று எண் இடுவர். நான்கையும் கூட்டி நாற்பதுக்கு இவ்வளவு என்று முடிவு சொல்லுவர். ஒருவருடைய விருப்பு வெறுப்பு மற்றொருவருடையதால் சமன்படும் என்பது இம்முறையின் கருத்து. நாற்பதுக்கு நாற்பது என்னும் நிறைவான எண்ணை முதன்முதற் பெற்றது 1998-இல் வெளிவந்த 'தி லெஜெண்ட் ஆஃப் ஸெல்டா: ஆக்கரினா ஆஃப் டைம்' என்னும் விளையாட்டு. அதற்கு முன் ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் எதற்கும் அவ்வெண் கொடுபடவில்லை என்பதை நோக்குக. அமெரிக்காவில் 1989-இல் தோன்றிய 'எலெக்ட்ரானிக் கேமிங் மந்த்லி' என்னும் இதழும் நால்வர் தீர்ப்பு முறையையே மேற்கொண்டது.

இங்கிலாந்தில் 1993-இல் தொடங்கிய 'எட்ஜ்' என்னும் சஞ்சிகை வேறு வகையால் புகழ் எய்திற்று. ஒருவர் பெயரையும் வெளியிடாது, இதழின் பொதுத் தீர்ப்பாகவே அது மதிப்புரை வழங்கியது. பத்து என்னும் எண்ணை எளிதில் கொடுக்க அது உடன்படவில்லை. 1996-இல் 'ஸூப்பர் மாரியோ 64' வெளிவந்தபோதுதான் முதன்முதலாக ஒரு விளையாட்டுக்குப் பத்துக்குப் பத்து இட்டது. ஐந்து என்பது இழிவன்று, அது நடுத்தரமே என்பது அவ்விதழின் கொள்கை. பத்துப் படியுள்ள ஏணியில் நடுப்படி ஐந்தாவதுதானே? இத்தெளிவான நியாயத்தைப் பெரும்பாலான இதழ்கள் நாளடைவில் கைவிட்டன. அதன் வரலாற்றை அடுத்துக் காண்போம்.

அளவுகோல் சுருங்கிய விதம்

விளையாட்டு மதிப்புரைகளைத் தொடர்ந்து படிப்பவர் யாவரும் ஒன்றை அறிவர். பத்துக்கு ஏழு என்றால் சுமார், எட்டு என்றால் நன்று, ஒன்பது என்றால் மிக நன்று என்பது பெருவழக்கு. ஐந்து என்பது கண்டனமாகவே கொள்ளப்படுகின்றது. ஒன்றுக்கும் நான்குக்கும் இடைப்பட்ட எண்கள் ஏறக்குறைய வேலையற்று நிற்கின்றன. பத்து முழம் நீளமுள்ள கோலை வைத்துக்கொண்டு அதன் கடைசி மூன்று முழத்தை மட்டும் பயன்படுத்துவதை யொக்கும் இது.

இதற்கு மூன்று காரணங்களைக் கூறலாம். முதலாவது, பள்ளிப் பழக்கம். அமெரிக்கப் பள்ளிகளில் நூற்றுக்கு அறுபதுக்குக் கீழ்ப்பட்டது பெரும்பாலும் தோல்வியாகும். எழுபதைச் சுற்றியது நடுத்தரம். அப்பழக்கத்தில் வளர்ந்த எழுத்தாளரும் வாசகரும் விளையாட்டின் எண்ணையும் அவ்வாறே படித்தனர். இரண்டாவது, தேர்வு. வெளிவரும் எல்லா விளையாட்டுகளையும் மதிப்பிட எந்த இதழுக்கும் ஆளும் பொழுதும் இல்லை. மிகத் தாழ்ந்தவை மதிப்புரைக்கே வாரா; வருவன ஓரளவு தேறியவையே. ஆதலின் எண்கள் மேற்பக்கம் குவிவது முழுவதும் குற்றமென்று சொல்வதற்கில்லை. மூன்றாவது காரணம் சற்றுக் கசப்பானது. இதழை வாழவைக்கும் விளம்பரமும், வெளியீட்டுக்கு முன்னரே ஆடிப்பார்க்கக் கிடைக்கும் பிரதியும், விளையாட்டை விற்கும் கம்பெனியாரிடமிருந்தே வருகின்றன. கடிய எண் இட்டால் அவ்விரண்டும் நின்றுபோகக்கூடும் என்னும் அச்சம் எழுதுகோலைச் சிறிது உயர்த்தவே செய்யும்.

கோல் சுருங்கச் சுருங்க, அதன்மேல் இட்ட கோடுகள் நுண்ணியவாயின. சில இதழ்கள் நூற்றில் ஒரு பங்கு வரை கணக்கிட்டன. பத்துக்கு 6.8 என்பதற்கும் 6.9 என்பதற்கும் உள்ள வேறுபாட்டை எந்த மதிப்புரையாளராலும் சொற்களால் விளக்க முடியாது. சொற்களால் விளக்க முடியாத வேறுபாட்டை எண்ணால் காட்டுவது நுட்பம் போலத் தோன்றும்; உண்மையில் அது நுட்பமன்று. இதனை உணர்ந்தே போலும், 'ஐ.ஜி.என்.' என்னும் பெரிய அமெரிக்க நிறுவனம் 2020-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் தசமப் புள்ளிகளை விடுத்து முழு எண்களுக்குத் திரும்பிற்று.

சராசரியும் அதன் மறைவும்

ஓர் இதழின் எண் அவ்விதழின் கருத்தாயிருந்த வரையில் பெருந்தீங்கு விளையவில்லை. எல்லா இதழ்களின் எண்களையும் ஒருங்கு திரட்டிச் சராசரி காணும் முறை 1999-இல் 'கேம்ராங்கிங்ஸ்' என்னும் இணையத்தளத்தாலும், 2001-இல் 'மெட்டாக்ரிட்டிக்' என்னும் தளத்தாலும் பரவியது. முன்னது 2019-இல் மூடப்பட்டது. பின்னது இத்துறையில் பெருஞ்செல்வாக்குப் பெற்றது. நூற்றுக்கு இத்தனை என்று ஓர் எண்ணைக் காட்டி, 75-க்கு மேற்பட்டால் பச்சை, 50 முதல் 74 வரை மஞ்சள், அதனிற் குறைந்தால் சிவப்பு என்று நிறமும் தீட்டுவது விளையாட்டுகளுக்கு அது கொண்ட முறையாகும்.

வாங்குவோர்க்கு இஃது ஓர் உதவியே என்பதில் ஐயமில்லை. ஒருவருடைய பிழையைப் பலருடைய எண் திருத்தும். ஆயினும் இச்சராசரி எவ்வாறு பிறக்கின்றது என்பதை அறிதல் வேண்டும். முதலாவது, எல்லா இதழ்களும் அதில் ஒரே கனம் உடையன அல்ல. சிலவற்றுக்குக் கூடுதல் கனமும் சிலவற்றுக்குக் குறைந்த கனமும் கொடுபடுகின்றன; எதற்கு எவ்வளவு என்பதைத் தளத்தார் வெளியிடுவதில்லை. இரண்டாவது, எண் இடாது எழுத்தால் தரம் காட்டும் இதழ்களும் உண்டு. அவற்றின் எழுத்துகளையும் நூற்றுக்கு இவ்வளவு என்று மாற்றிக்கொள்வர். 'ஏ' என்பது 100 ஆகும். 'பி' என்பது 75 ஆகும். 'ஸி' என்பது 50 ஆகும். பள்ளி வழக்கில் 'பி' என்பது எண்பதுக்கு மேற்பட்ட நல்ல தேர்ச்சி. 'பி' என்று நல்லெண்ணத்தோடு எழுதியவருடைய கருத்து, கணக்கில் ஏறும்போது தாழ்ந்துவிடுகின்றது. 2015-இல் தோன்றிய 'ஓப்பன்கிரிட்டிக்' என்னும் தளம் இம்மறைவுகளுட் சிலவற்றை நீக்க விரும்பி, கனவேறுபாடு இன்றி நேர்ச் சராசரி காண முற்பட்டது.

இவற்றினும் பெரிய குறை ஒன்று சராசரியின் இயல்பிலேயே உண்டு. இரண்டு விளையாட்டுகள் உள்ளன என்று கொள்வோம். முதலாவதற்குப் பத்துப் பேரும் ஏழு ஏழு இட்டனர். இரண்டாவதற்கு ஐவர் பத்து இட்டனர். ஐவர் நான்கு இட்டனர். இரண்டுக்கும் சராசரி ஏழே. முதலாவது யார்க்கும் பெருங்களிப்பும் பெருவெறுப்பும் தராத சாதாரணப் பொருள். இரண்டாவதோ பாதிப்பேரை ஆட்கொண்டு, பாதிப்பேரை விரட்டிய அசாதாரணப் பொருள். இவ்விரண்டையும் ஒரே எண்ணால் குறிப்பது எத்துணைப் பெரிய மறைப்பு!

இது கற்பனைக் கணக்கு மாத்திரம் அன்று. 2019 நவம்பர் மாதத்தில் ஹிடேயோ கோஜிமா என்னும் ஜப்பானியக் கலைஞர் 'டெத் ஸ்ட்ராண்டிங்' என்னும் விளையாட்டை வெளியிட்டார். பாழ்பட்ட அமெரிக்க நாட்டில் ஒருவன் மூட்டை முடிச்சுகளை முதுகிற் சுமந்து, மலையும் ஆறும் கடந்து, பிரிந்து கிடக்கும் ஊர்களை ஒன்றோடொன்று இணைப்பதே அதன் பொருள். நெடுந்தூரம் நடப்பதே அதில் ஆட்டம். ஃபாமிட்சு அதற்கு நாற்பதுக்கு நாற்பது இட்டது, ஐ.ஜி.என். பத்துக்கு 6.8 இட்டது. ஒருவர்க்கு அந்நடை தியானம் போன்றிருந்தது, மற்றொருவர்க்குச் சலிப்பாயிருந்தது. மெட்டாக்ரிட்டிக் கண்ட சராசரி 82. அந்த 82 என்பது அவ்விருவருள் எவருடைய கருத்தும் அன்று. மெல்ல நடப்பதை விரும்புவோனும் விரைவை விரும்புவோனும் அவ்வெண்ணிலிருந்து தமக்கு வேண்டியதை அறிய மாட்டார்; மதிப்புரையின் சொற்களைப் படித்தாலோ ஐந்து நிமிஷத்தில் அறிவர்.

எண்ணும் வெகுமதியும்

இதுகாறும் கூறியவை வாசகர்க்கு நேரும் இடர்கள். இனி, எண் பணத்தோடு பிணைந்தபோது உழைப்பாளிக்கு நேர்ந்ததைக் காண்போம்.

2004-இல் வார்னர் பிரதர்ஸ் கம்பெனியின் விளையாட்டுப் பிரிவினர், தம் படங்களைத் தழுவிச் செய்யப்படும் விளையாட்டின் சராசரி எண் நூற்றுக்கு எழுபதுக்குக் கீழ்ப்பட்டால், அதனை வெளியிட்டவரிடம் கூடுதல் உரிமைத்தொகை வசூலிப்போம் என்று அறிவித்தனர். தரமற்ற விளையாட்டால் தம் படத்தின் நற்பெயர் கெடுகின்றது என்பது அவர்கள் வாதம். நோக்கம் நியாயமே, ஆனால் பத்திரிகையாளருடைய கருத்து அன்றுமுதல் ஒப்பந்தப் பத்திரத்தின் ஓர் ஷரத்தாக மாறத் தொடங்கிற்று.

2010-இல் வெளிவந்த 'ஃபால்அவுட்: நியூ வேகாஸ்' என்னும் விளையாட்டின் கதை யாவரும் அறிந்தது. அதனை ஆக்கியது ஆப்ஸிடியன் என்னும் தொழிற்கூடம். வெளியிட்டது பெதெஸ்டா என்னும் கம்பெனி. மெட்டாக்ரிட்டிக்கில் 85 பெற்றால் ஆக்கியோர்க்கு வெகுமதி உண்டு என்பது உடன்படிக்கை. கிடைத்ததோ 84. வெகுமதி இல்லையாயிற்று. இச்செய்தியை ஆப்ஸிடியனைச் சேர்ந்த கிறிஸ் அவெலோன் 2012-இல் வெளிப்படையாகக் கூறினார். இரகசியக் கனங்களாலும் எழுத்து மாற்றங்களாலும் பிறக்கும் ஒரு சராசரியில், ஓர் எண் ஏற்றமோ இறக்கமோ தரத்தின் வேறுபாடு ஆகுமா? அவ்விளையாட்டு வெளிவந்த நாளில் பல கோளாறுகளை உடையதாயிருந்தது. மதிப்புரையாளர் பலர் அதற்காக எண் குறைத்தனர். பின்னர் அக்கோளாறுகளுட் பல திருத்தப்பட்டன; அத்தொடரின் மிகச் சிறந்த விளையாட்டுகளுள் ஒன்றாக இன்றும் பலர் அதனைப் போற்றுகின்றனர். விளையாட்டு திருந்திற்று, எண் திருந்தவில்லை.

போலந்து நாட்டுச் ஸிடி பிராஜெக்ட் கம்பெனியிலும் இத்தகைய ஏற்பாடு இருந்தது. 'ஸைபர்பங்க் 2077' என்னும் அவர்கள் விளையாட்டு குறித்த நாளில் வெளிவந்து, தொண்ணூறு என்னும் சராசரியை எட்டுவதைப் பொறுத்தே பணியாளரின் வெகுமதி அமைந்திருந்தது. 2020 டிசம்பரில் விளையாட்டு பழுதுகளோடு வெளிவந்து கூக்குரல் எழுந்தபோது, கம்பெனியார் அந்நிபந்தனையைக் கைவிட்டு, எண் எதுவாயினும் வெகுமதி கொடுபடும் என்றனர். முன்கூட்டி வெளியிட்டது தலைவர்களின் தீர்மானம். அதற்குரிய தண்டனை தொழிலாளியின் தலையில் விழுதல் தகாது என்பதை அவர்களே ஒப்புக்கொண்டதாக இதனைக் கொள்ளலாம்.

1975-இல் சார்ல்ஸ் குட்ஹார்ட் என்னும் ஆங்கிலப் பொருளாதார அறிஞர் நாணயக் கொள்கையை ஆராயுமிடத்து ஓர் உண்மையைக் கண்டார். ஓர் அளவையே இலக்காக வைத்துவிட்டால் அது பின்பு நல்ல அளவாக இராது என்று பின்வந்தோர் அதனைச் சுருக்கி உரைப்பர். மதிப்பெண்ணுக்கு இது முற்றும் பொருந்தும். வெப்பமானி காய்ச்சலை அளக்கும் வரையில் பயனுடையது. வெப்பமானியின் கோட்டைத் தாழ்த்துவோர்க்குப் பரிசு என்று அறிவித்தால், அதனைத் தண்ணீரில் நனைப்பாரும் தோன்றுவர்.

நடுவரின் சுதந்திரம்

எண்ணைச் சார்ந்து பணம் நிற்கும்போது, எண் இடுபவர்மேல் அழுத்தம் வருதல் இயல்பு. 2007-இல் 'கேம்ஸ்பாட்' என்னும் அமெரிக்கத் தளத்தில் ஜெஃப் கெர்ஸ்ட்மன் என்பவர் மூத்த மதிப்புரையாளராயிருந்தார். 'கேன் அண்ட் லின்ச்: டெட் மென்' என்னும் விளையாட்டுக்கு அவர் பத்துக்கு ஆறு இட்டார். அச்சமயம் அத்தளத்தின் முகப்பெங்கும் அவ்விளையாட்டின் விளம்பரமே நிறைந்திருந்தது. சில நாட்களில் அவர் வேலையினின்றும் நீக்கப்பட்டார். விளம்பரக்காரர் வற்புறுத்தலால் நீக்கவில்லை என்று நிறுவனத்தார் அப்போது கூறினர். 2012-இல் பேசும் உரிமை கிட்டியபோது, விளம்பரக்காரரின் அதிருப்திக்கு ஆளான மதிப்புரைகளே தம் நீக்கத்துக்குப் பின்னணி என்று கெர்ஸ்ட்மன் விளக்கினார். இதற்கிடையில் 2008-இல் 'ஜயன்ட் பாம்' என்னும் புதிய தளத்தை அவர் நண்பரோடு தொடங்கி, ஐந்து நட்சத்திர முறையை மேற்கொண்டார்.

அழுத்தம் எப்பொழுதும் வெளிப்படையாக வருவதில்லை. எதைப் பார்க்கக் கொடுப்பது என்பதிலும் அது ஒளிந்திருக்கும். மேற்கூறிய ஸைபர்பங்க் விளையாட்டை வெளியீட்டுக்கு முன் மதிப்புரையாளர்க்கு அனுப்பியபோது, பெரிய கணிப்பொறிகளில் ஆடும் பதிப்பை மாத்திரம் கொடுத்தனர். கன்ஸோல் பதிப்பைக் கொடுக்கவில்லை. கணிப்பொறிப் பதிப்புக்குத் தொண்ணூற்றை ஒட்டிய எண்கள் விழுந்தன. அவ்வெண்களை நம்பிப் பழைய கன்ஸோல்களுக்கு வாங்கியவர்கள், அடிக்கடி நின்றுபோகும் ஒரு பழுதுபட்ட பொருளைக் கண்டனர். வெளியான சில நாட்களுக்குள் ஸோனி கம்பெனியார் அதனைத் தம் இணையக் கடையிலிருந்து நீக்கிப் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தனர். 2021 ஜூன் மாதத்தில்தான் அது திரும்ப விற்பனைக்கு வந்தது. முதலில் இட்ட எண்கள் பொய்யல்ல. அவை வேறொரு பொருளுக்கு இட்டவை. எந்தக் கருவியில் ஆடிப் பார்த்தார் என்பதைச் சொற்களே கூறும், எண் கூறாது.

நடுவர்க்கு இடர் பொதுமக்கள் பக்கத்திலிருந்தும் வருவதுண்டு. 2020 ஜூன் மாதத்தில் வெளியான 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் டூ' என்னும் விளையாட்டுக்கு மதிப்புரையாளர் சராசரி 93 ஆயிருக்க, பொதுமக்கள் இடும் பகுதியில் வெளியான சில மணி நேரத்திற்குள் ஆயிரக்கணக்கான தாழ்ந்த எண்கள் குவிந்தன. ஆடி முடிக்க இருபது மணி நேரத்துக்கு மேல் வேண்டிய ஒரு விளையாட்டைச் சில மணி நேரத்தில் எவர் மதிப்பிட்டிருத்தல் கூடும்? கதைப்போக்கின்மேல் எழுந்த கோபத்தைத் தெரிவிக்கும் கல்லாக எண் பயன்பட்டது. அடுத்த மாதமே மெட்டாக்ரிட்டிக் தளத்தார், விளையாட்டு வெளியாகி 36 மணி நேரம் கழிந்த பின்னரே பொதுமக்கள் எண் இடலாம் என்று விதி செய்தனர்.

எண்ணைத் துறந்தவரும் மீண்டவரும்

இத்துணைக் குறைகள் உடையதாயின், எண்ணையே ஒழித்துவிடலாகாதா என்று நேயர்கள் வினவலாம். அவ்வாறு செய்து பார்த்தவரும் உண்டு. 2015-இல் இங்கிலாந்தின் 'யூரோகேமர்' என்னும் தளத்தார் பத்துக்கு இத்தனை என்னும் முறையைக் கைவிட்டனர். மிகச் சிறந்தவற்றுக்கு 'இன்றியமையாதது', நல்லனவற்றுக்குப் 'பரிந்துரைக்கத்தக்கது', தீயனவற்றுக்குத் 'தவிர்க்க' என்றாற்போன்ற சொற்களை மாத்திரம் வழங்கினர். எண் இல்லாமையால் மெட்டாக்ரிட்டிக் சராசரியிலிருந்தும் விலகினர். இணையத்தின் வழி விளையாட்டுகள் நாள்தோறும் மாறித் திருந்திக்கொண்டிருக்கையில், வெளியான நாளில் இட்ட ஓர் எண் அவற்றை நிலையாகக் குறிக்காது என்பது அவர்கள் காட்டிய காரணங்களுள் ஒன்று. எனினும் 2023-இல் அவர்களே ஐந்து நட்சத்திர முறையை மேற்கொண்டனர்.

இதிலிருந்து நாம் அறிவது யாது? எண்ணைப் பழிப்பது எளிது. அதனை ஒழிப்பது அரிது. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் விளையாட்டுகள் வெளிவருகின்றன. எல்லா மதிப்புரைகளையும் முழுதும் படிக்க யாருக்கும் பொழுதில்லை. எதை முதலிற் படிப்பது என்று காட்டும் கைகாட்டி மரம் ஒன்று வேண்டியதே. எண் ஆற்றக்கூடிய நேர்மையான பணி அதுவே. ஊர்ப்பெயர் எழுதிய பலகையைக் கண்டு வழி அறியலாம். பலகையைக் கண்டதே ஊரைக் கண்டதாகாது.

முடிவுரை

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இனி விடை கூறலாம். விடைத்தாளுக்கு எண் இடும்போது, பாடத்திட்டம் ஒன்று, வினாக்கள் ஒன்று, எது சரியென்பது பெரும்பாலும் முன்னரே தீர்மானிக்கப்பட்டது. அங்கும் இரு பரீட்சகர் ஒரே தாளுக்கு வேறு வேறு எண் இடக்கூடும் என்பதை மாணவர் அறிவர். விளையாட்டுக்கோ பாடத்திட்டம் இல்லை. ஒவ்வொரு நல்ல படைப்பும் தன் வினாவைத் தானே எழுப்பிக்கொள்ளுகின்றது. நடப்பதையே ஆட்டமாக்கியவனை, ஓடுவதை ஆட்டமாக்கியவனோடு ஒரே கோலால் அளந்தால் அளவு பிழைபடும். ஆகவே கலைக்கு இடும் எண், ஒருவர் தம் அனுபவத்தைச் சுருக்கிக் காட்டும் குறிப்பேயன்றி, பொருளினுள் இருந்து அளந்தெடுத்த பண்பு அன்று.

எண்ணைக் காணும்போது சில கேள்விகளை எழுப்பிக்கொள்வது நன்று. இதனை இட்டவர் யார்? எந்தக் கருவியில், எந்தப் பதிப்பை, எவ்வளவு நேரம் ஆடி இட்டார்? இவருடைய இதழில் ஏழு என்றால் என்ன பொருள்? இவர் எதனை விரும்புபவர், எதனை வெறுப்பவர்? சராசரியாயின், அதன்கீழுள்ள எண்கள் நெருங்கி நிற்கின்றனவா, அகன்று நிற்கின்றனவா? இவற்றுக்கு விடை கிடைத்தால் அவ்வெண் பயன்படும். விடையில்லாத எண் வெறுங் கோடே.

தொழிலாளியின் வெகுமதியை எண்ணோடு பிணைத்தல் தகாது என்பது மேலே கண்ட நிகழ்ச்சிகளால் விளங்கும். அவ்வாறு பிணைத்தால் உழைத்தவரும் நட்டமடைவர். உண்மையை உரைக்க வேண்டிய நடுவரும், தாம் இடும் ஒவ்வொரு புள்ளியும் யாருடைய வீட்டு அடுப்பைத் தணிக்குமோ என்று அஞ்சி எழுதுவர். அச்சத்தோடு இட்ட எண் வாங்குவோர்க்கும் உதவாது. 84-க்கும் 85-க்கும் இடையே ஒரு தொழிற்கூடத்தின் வெகுமதி தொங்கிய கதையை நினைவில் வைத்து, அடுத்த முறை ஒரு மதிப்புரையைக் கையில் எடுக்கும்போது, கடைசி வரியில் நிற்கும் எண்ணுக்குத் தாவாமல் முதல் வரியிலிருந்து தொடங்குவோமாக.